ஆமை சுமக்கும் உலகமும் அடிக்காத மட்டையும்

போர்ட்லண்டின் பவல்ஸ் புத்தகக் கடை ஒரு தெருச் சதுக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. புதுப் புத்தகத்தையும் கைமாறி வந்த பழையதையும் அங்கே பிரித்து வைப்பதில்லை. ஒரே தட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கும். அறைகளுக்கு நிறங்களின் பெயர். மாயப் புனைவுகள் தங்க அறையில். சியாட்டில் போகும் ரயிலில் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று நுழைந்தவன் டெர்ரி பிராட்செட்டின் வரிசைக்கு முன்னால் நின்றுவிட்டேன். கல்லூரி நாட்களில் நூலக அட்டைக்கு இரண்டிரண்டாக எடுத்து வந்து, விடுதியில் அறைத்தோழன் தலையணையை வீசி எறியும்வரை சிரித்துப் படித்த புத்தகங்கள். 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையின் முதல் நாவலான 'தி கலர் ஆஃப் மேஜிக்', எட்டாவதான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' இரண்டும் பழைய பிரதிகளாகவே கிடைத்தன.

1983இல் தொடங்கி, பிராட்செட் இறந்த 2015 வரை, மொத்தம் 41 நாவல்கள். தட்டையான ஓர் உலகம். அதைத் தாங்கும் நான்கு யானைகள். யானைகளைச் சுமந்தபடி விண்வெளியில் நீந்தும் ஆமை. திசை யானைகளையும் கூர்மத்தையும் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆமை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்வதற்காக விளிம்புக்கு அப்பால் ஆளை இறக்கிப் பார்க்கத் திட்டம் போடும் ஓர் அரசை எந்தப் புராணிகரும் யோசித்ததில்லை. பிராட்செட் அங்கேதான் தொடங்குகிறார்.

2024 செப்டம்பர். காலை ரயில் கிளம்பிச் சிறிது நேரத்தில் கொலம்பியா ஆற்றைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அதன்பின் நெடுந்தூரம் ஆறு இடப்பக்கமாகவே வருகிறது. ஆறு என்ற சொல்லுக்கு நம் மனதில் இருக்கும் அகலத்தை மறந்துவிட வேண்டும். கடலுக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் அதில் நிற்கின்றன. கரையோரம் வெட்டிய மரங்கள் மலைமலையாக. மூன்றரை மணி நேரப் பயணம், ஒரு நாவலின் பாதிக்குப் போதும்.

முதல் நாவல் ஏமாற்றியது. இருபது வயதில் எனக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது: அது மற்றப் புத்தகங்களைக் கிண்டல் செய்யும் புத்தகம். வாள்வீரக் கதைகள் எழுதிய ஃபிரிட்ஸ் லைபர், டிராகன் கதைகள் எழுதிய ஆன் மெக்காஃப்ரி, லவ்கிராஃப்டின் பெயர் சொல்லக்கூடாத பயங்கரங்கள் என்று அத்தியாயத்துக்கு ஒருவரை உட்காரவைத்துக் கலாய்க்கிறார். அவர்களைப் படிக்காமலே அன்று சிரித்திருக்கிறேன். படித்தபின் சிரிப்பு குறைந்துவிட்டது. நகலின் மூலம் தெரிந்துவிட்டால் நகல் பழசாகிவிடுகிறது; மூலத்துக்கு ஆயுள் அதிகம்.

ஒரே ஒரு பாத்திரம் மட்டும் முன்னைவிட நன்றாக இருந்தது. டூஃப்ளவர் என்ற சுற்றுலாப் பயணி. அந்த உலகத்துக்கே முதல் சுற்றுலாப் பயணி அவன்தான். கால் முளைத்த மரப்பெட்டி ஒன்று பின்னாலேயே ஓடி வருகிறது. கழுத்தில் படம் பிடிக்கும் கருவி, அதற்குள் உட்கார்ந்து தூரிகையால் படம் வரையும் ஒரு குட்டிப் பிசாசு. சொந்த ஊரில் அவன் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. போன ஊரில் மதுக்கடைக்காரனுக்குத் தீ விபத்துக் காப்பீட்டின் தத்துவத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். கடை எரிந்தால் பணம் கிடைக்கும் என்று புரிந்த அன்றே கடைக்காரன் தீ வைத்துவிட, நகரமே எரிகிறது. டூஃப்ளவருக்கு அடிதடி, கொலை, கொள்ளை எல்லாமே வேடிக்கை. தான் பார்க்க வந்தவன், தனக்கு ஒன்றும் ஆகாது என்பது அவன் நம்பிக்கை. அதை வாசித்தபடி ரயிலில் போய்க்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, அதுவும் தொலைபேசியில் ஆற்றைப் படம் பிடித்து முடித்த கையோடு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சென்ட்ரேலியா தாண்டி இரண்டாவது நாவலை எடுத்தேன். இங்கே கதையே வேறு.

'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' யாருக்காக எழுதப்பட்டது என்பதை அதன் சமர்ப்பணமே சொல்லிவிடுகிறது. சாகசக் கதைகளில் நாயகன் அரண்மனைக்குள் புகுந்ததும் ஈட்டியோடு ஓடி வந்து, வரிசையாக ஒவ்வொருவராக அடிபட்டுச் சாகும் காவலர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. அங்க்-மார்போர்க் நகரத்தின் இரவுக் காவல் படையை யாரும் மதிப்பதில்லை. திருடர்களுக்கே சங்கம் அமைத்து உரிமம் கொடுத்துவிட்ட ஊரில் காவலருக்கு என்ன வேலை? தலைவர் சாம் வைம்ஸ் முதல் காட்சியிலேயே மழையில், சாக்கடையோரம், குடித்துவிட்டுக் கிடக்கிறார். இருபது வயதில் அது எனக்கு முழுக்க முழுக்க நகைச்சுவைக் காட்சி. இப்போது படிக்கும்போது அடுத்த சில பக்கங்களில் இருக்கும் ஒரு தகவல் கண்ணில் பட்டது: அன்றுதான் படையில் ஒருவரைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். திருடனைத் துரத்தும்போது பிடித்துவிடும் வேகத்தில் ஓடக்கூடாது என்ற தொழில்விதியை மறந்து, பிடித்துவிட்டதால் செத்துப்போன காவலர். பிராட்செட் அதற்காக ஒரு பத்தியும் கண்கலங்கவில்லை. ஒரு சிரிப்புக்கு இடையில் செருகிவிட்டுப் போய்விடுகிறார். அந்த வயதில் நான் எந்தச் சாவுக்கும் போனதில்லை; கண்ணில் படாமல் போனதில் ஆச்சரியமில்லை.

சியாட்டிலுக்குள் நுழையும்போது ரயில் மாரினர்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தை ஒட்டியே போகிறது. 1999இல் திறந்த மைதானம். அதன் கூரை திறந்து மூடக்கூடியது. திறந்தால் இந்தத் தண்டவாளங்களின் மேல் வந்து நிற்கும். மூடினாலும் பக்கச் சுவர் கிடையாது. மழைக்குக் குடை, அவ்வளவுதான். குளிருக்கும் காற்றுக்கும் தடையில்லை. கிங் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வெனிஸ் நகர மணிக்கூண்டைப் பார்த்துக் கட்டிய கோபுரம் கொண்ட அந்த நிலையத்தை வெளியில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு, மாலையில் ஆட்டம் பார்க்கக் கிளம்பினேன்.

அந்த ஆண்டு மாரினர்ஸ் அணி அடிக்கத் தெரியாத அணி. தூற்றுவதற்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படி. 162 ஆட்டங்கள் முடிந்தபோது அணியின் மொத்த அடிச் சராசரி 0.224. ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கை 1,625. அந்தப் பருவத்தில் முப்பது அணிகளிலும் இதுதான் அதிகம். ஆட்டத்துக்கு 27 அவுட். அதில் பத்து, பந்து மட்டையைத் தொடாமலே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் நடுவில் தம் பிரிவில் பத்து ஆட்ட முன்னிலையில் இருந்தவர்கள், ஜூலை முடிவதற்குள் அத்தனையையும் தொலைத்தார்கள். ஆகஸ்டில் மேலாளர் ஸ்காட் செர்வைஸை நீக்கினார்கள். அணியின் பழைய கேட்சர் டேன் வில்சன் மேலாளரானார். அடிக்கக் கற்றுக்கொடுக்க, அணியின் பழைய பேட்டர் எட்கர் மார்ட்டினெஸை அழைத்து வந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் பந்து வீச்சில் அந்த அணிக்கு நிகர் இல்லை. லோகன் கில்பர்ட், ஜார்ஜ் கிர்பி, லூயிஸ் காஸ்டியோ, பிரைஸ் மில்லர், பிரயன் வூ என்று ஐந்து பேர். கில்பர்ட் அந்த ஆண்டு எல்லோரையும்விட அதிக இன்னிங்ஸ் வீசினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.23 ரன்கள்தான் கொடுத்தார். அவர் கணக்கில் சேர்ந்தது 9 வெற்றி, 12 தோல்வி.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவனுக்கு இந்த விளையாட்டின் கொடுமை உடனே புரியாது. நம் ஆட்டக்காரருக்கு மட்டை அகலம், பிடிக்காத பந்தைத் தடுத்துவிட்டு நிற்கலாம், நாளெல்லாம் நிற்கலாம். இங்கே மட்டை உருண்டை, பந்தும் உருண்டை. பதினெட்டரை மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து பேட்டரை அடைய அரை நொடிக்கும் குறைவு. அதில் பாதியைக் கண் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் வீசுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். பத்துக்கு மூன்று முறை ஹிட் அடித்துக்கொண்டே இருந்தால் அவர் மகான். ஏழு முறை தோற்பவருக்குச் சிலை வைக்கும் விளையாட்டு வேறு எது? மார்ட்டினெஸின் வாழ்நாள் சராசரி 0.312, மைதானத்தையொட்டி ஓடும் சாலைக்கு அவர் பெயர்.

அந்த 0.312க்கு இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு, அது சாப்பாட்டுக் கடையில். 2017இல் இங்கே வெட்டுக்கிளி விற்க ஆரம்பித்தார்கள். மெக்சிகோவின் ஒஹாகா பகுதிப் பண்டம். மிளகாயும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து வறுத்தது. கூட்டம் அலைமோதி, கையிருப்பு தீர்ந்துபோகவே, ஓர் ஆட்டத்துக்கு 312 கோப்பைதான் என்று வரம்பு வைத்தார்கள். காலையில் படித்த நாவலில் டிப்ளர் என்றொரு தெருவியாபாரி வருகிறான். இன்ன விலங்கின் இறைச்சி என்று சொல்லமுடியாத சாசேஜை, தன் கழுத்தையே அறுத்துக்கொள்ளும் விலைக்குக் கொடுப்பதாகக் கூவி விற்பான். அவனுக்குக்கூட ஒரு பேட்டரின் சராசரியைப் பூச்சிக்குப் பங்கீட்டு அளவாக வைக்கத் தோன்றியிருக்காது. வாங்கித் தின்றேன். மொறுமொறுப்பு நன்றாகவே இருக்கிறது. கால்தான் பல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி, மடியில் அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பந்தின் கதியையும் சின்னச் சின்னக் குறிகளாக எழுதிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில 'கே' எழுத்து. மட்டையை அசைக்காமல், பந்தைப் பார்த்துக்கொண்டே அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். அன்று மாரினர்ஸ் பக்கத்தில் நேரும் தலைகீழுமாக 'கே' நிறைந்துகொண்டே வந்தது. "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்க்கிறீர்களா, பாவம்" என்று கோப்பையிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை எடுத்துக்கொண்டார்.

இதைவிட மோசமானதைப் பார்த்திருப்பதாக அவர் சொன்னதில் பெருமை தெரிந்தது. 2010. பேட்டிங்குக்கென்றே தனி ஆளை வைத்துக்கொள்ளும் விதி 1973இல் அமெரிக்கன் லீகில் வந்தபின், அதுவரை அந்த லீகில் முழுப் பருவத்தில் எந்த அணியும் அவ்வளவு குறைவாக ரன் எடுத்திருக்கவில்லை: 513. தோற்ற ஆட்டங்கள் 101. அதே அணியில் இச்சிரோ சுசூகி தொடர்ந்து பத்தாவது ஆண்டாக 200 ஹிட்டுகளுக்கு மேல் அடித்தார். அதே அணியின் ஃபீலிக்ஸ் எர்னாண்டெஸ் லீகின் சிறந்த பந்துவீச்சாளராகத் தேர்வானார், 13 வெற்றி 12 தோல்வியோடு. அடுத்தவர் அடித்துக் கொடுக்கவில்லை என்பதற்காக வீசியவரைக் குறை சொல்ல முடியாது என்று வாக்களித்தவர்கள் ஒப்புக்கொண்ட ஆண்டு அது. இரண்டு வருடம் கழித்து எர்னாண்டெஸ் 27 பேரையும் ஒருவர் விடாமல் வீழ்த்தி ஒரு முழுமையான ஆட்டம் ஆடினார். அன்றும் அணி எடுத்துக் கொடுத்தது ஒரே ரன்.

ஏன் இப்படி? குளிர்காற்று அடர்த்தியானது, பந்து தூரம் போகாது என்பது ஒரு பதில். பியூஜெட் சவுண்ட் கடற்கழி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாலை ஆனதும் தோளில் ஈரம் வந்து உட்காருவதை நானே உணர்ந்தேன். ஆனால் காற்று பந்தைத் தடுக்கலாம், மட்டையிலிருந்து ஒளித்துவைக்க முடியாதே. இந்த மைதானத்தில் ஸ்ட்ரைக் அவுட்டும் அதிகமாகவே விழுகிறது. வெளிச்சம் விழும் கோணம், பிட்சருக்குப் பின்னால் இருக்கும் சுவர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 2013க்கு முன் எல்லைச் சுவரை உள்ளே நகர்த்தியும் பார்த்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த காரணம் அறிவியலோடு சேராதது. மோசமான பேட்டிங்குக்கு உலகம் முழுக்க வழங்கும் அளவுகோல் இந்த அணியில்தான் பிறந்தது. மரியோ மெண்டோசா, மெக்சிகோக்காரர். தடுப்பதில் கெட்டிக்காரர்; சொந்த நாட்டில் பட்டுக் கைகள் என்று பட்டப்பெயர். 1979இல் மாரினர்ஸுக்கு வந்து அந்த ஆண்டு 0.198 அடித்தார். கூட ஆடியவர்கள் 0.200 என்ற எல்லைக்கு அவர் பெயரை வைத்துக் கேலி செய்ய, கேலி எதிரணிக்கும் தொலைக்காட்சிக்கும் பரவி, 'மெண்டோசா கோடு' நிலைத்துவிட்டது. அதற்குக் கீழே போனால் உனக்கு இங்கே வேலையில்லை என்று அர்த்தம். மனிதருடைய வாழ்நாள் சராசரி உண்மையில் 0.215. தன் பெயர் தாங்கிய கோட்டுக்கு மேலேயே வாழ்ந்தவர். நான் பார்த்த அணி, ஒட்டுமொத்தமாக, கோடிக்கணக்கான டாலர் சம்பளத்தோடு, மெண்டோசாவை 0.009 வித்தியாசத்தில் முந்தியிருந்தது.

ஆட்டத்தின் நடுவே ஓர் இடைவேளையில் சால்மன் ஓட்டம். மீன் வேடம் போட்ட நான்கு பேர் மைதான ஓரமாக ஓடுகிறார்கள்: கிங், சில்வர், சாக்கி, ஹம்பி. அந்த ஆண்டுதான் தொடங்கிய பழக்கம். ஹம்பி இளஞ்சிவப்பு மீன், அதுவரை ஜெயித்ததே இல்லை. இடறி விழும், திசை மாறும், வெற்றிக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் எதையாவது வேடிக்கை பார்க்கும். மொத்தக் கூட்டமும் அதன் பெயரைச் சொல்லித்தான் கத்தியது. அன்றும் கடைசி. மூதாட்டி அட்டையிலிருந்து நிமிர்ந்து, "எங்கள் வரிசையில் நான்காவதாக இறக்கலாம்" என்றார்.

விடுதிக்குத் திரும்பி நாவலை முடித்தேன். கடைசிப் பகுதியில் ஒரு புகழ்பெற்ற காட்சி இருக்கிறது. நகரத்தை டிராகன் பிடித்துவிட்டது. இரவுக் காவல் படையின் சார்ஜெண்ட் கோலன், நாபி, கேரட் மூவரும் கூரை மேல் ஏறி, ஒரே ஒரு அம்போடு நிற்கிறார்கள். கதைகளில் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றால் அது பலித்தே தீரும் என்பது அவர்கள் கேட்டு வளர்ந்த ஞானம். சிக்கல் என்னவென்றால் கோலன் குறி தவறாதவர். அப்படியானால் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று இல்லையே? ஆகவே கஷ்டத்தைக் கூட்டுகிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கவைத்து, வாயில் கைக்குட்டையைத் திணித்து, கணக்குப் போட்டுப் போட்டுச் சரியாகப் பத்து லட்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அம்பு போகிறது.

கல்லூரியில் படித்தது முதல் இத்தனை ஆண்டுகளாக, அந்த அம்பு பட்டது என்றே என் நினைவில் இருந்தது. படவில்லை. டிராகன் திரும்புகிறது, கூரையே வெடிக்கிறது, மூவரும் உயிர் தப்புவதே பெரும்பாடு. பிராட்செட்டின் சிரிப்பு வாசகனைச் சொக்குப்பொடி போட்டு மயக்கும் சிரிப்பு இல்லை. மின்சார வாரியத்தில், அணு உலைகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்துகொண்டு 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையின் முதல் நாவல்களை எழுதிய மனிதர். நிகழ்தகவு என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். கதை நம்புவதும் உலகம் செய்வதும் எந்த இடத்தில் உரசுகின்றனவோ அங்கேதான் அவர் நகைச்சுவை உட்கார்ந்திருக்கிறது. மூன்று பேர் ஆடும் கூரையில் நின்று கணக்குப் போடுகிறார்கள், கணக்கு தப்பு, மறுநாளும் வேலைக்கு வருகிறார்கள். எல்லாம் முடிந்து ஆட்சியாளர் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும்போது, நகரத்தைக் காத்த இவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது: கொஞ்சம் சம்பள உயர்வு, பழைய கெட்டிலுக்குப் பதில் புதுக் கெட்டில், முடியுமானால் அம்பெறிந்து விளையாட ஒரு பலகை. அன்று இதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. சம்பள உயர்வுக்குத் தயங்கித் தயங்கிப் போய் நின்றவர்களுக்குக் கெட்டிலை ஏன் கேட்டார்கள் என்று புரியும்.

மாரினர்ஸ் அந்தப் பருவத்தை 85 வெற்றி, 77 தோல்வியோடு முடித்தார்கள். அடுத்த சுற்றுக்கு ஒரே ஓர் ஆட்டம் குறைந்துபோனது. இன்னொரு ஹிட், இன்னொரு ரன், ஏதாவது ஒரு மாலையில்.

அடுத்த ஆண்டு கேட்சர் கால் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2025 அக்டோபர் 10, டெட்ராய்ட்டுக்கு எதிராக ஐந்தாவது, வென்றே ஆகவேண்டிய ஆட்டம். சால்மன் ஓட்டத்தில் யார் முந்துவது என்பதை எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ முடிவு செய்கிறார்கள் என்று குழந்தைகள் தவிர எல்லோருக்கும் சந்தேகம் உண்டு. அந்த யாரோ அன்றைக்கு ஹம்பியை ஜெயிக்கவிட்டார். முதல் முறையாக. ஆட்டமோ சமநிலையில் நின்றுபோய், பத்து, பதினொன்று என்று நீண்டு, பதினைந்தாவது இன்னிங்ஸில் ஹொர்ஹே பொலாங்கோவின் ஒரு ஹிட்டில் மாரினர்ஸ் 3–2 என்று வென்றது.

அடுத்த சுற்று டொராண்டோவோடு. ஏழு ஆட்டத் தொடர், ஏழாவது ஆட்டம்வரை வந்தது. ஜெயித்தால், 1977இல் அணி பிறந்ததிலிருந்து எட்டாத உலகத் தொடர். ஏழாவது இன்னிங்ஸில் 3–1 என்று முன்னிலை; அங்கே ஜார்ஜ் ஸ்பிரிங்கரின் ஒரே அடியில் மூன்று ரன். கடைசி வரை 4–3. டொராண்டோ மைதானத்தில் சால்மன் ஓட்டம் கிடையாது.